டிராஃப்டுக்கு முன் உங்கள் பட்டியல்: கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கப் பழகுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லைப் பார்க்கத் தொடங்கி இரண்டு சீசன் ஆனவர்களுக்கு ஒரு வியாதி வரும். ஏப்ரல் கடைசியில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும்போது டிவி முன்னால் உட்கார்ந்து, “போயும் போயும் இவரையா எடுத்தார்கள்!” என்று கத்துவது. கத்துவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் நாமே உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டிருந்தால் அந்தக் கத்தலுக்கு ஒரு மரியாதை இருக்கும். அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வருடாவருடம் இதைச் செய்கிறோம். பணம் வைப்பதில்லை, தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். நான் நிறைய பிரியாணி வாங்கித் தந்திருக்கிறேன். அதனால் எங்கெங்கே வழுக்கும் என்று நன்றாகவே தெரியும்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2017 டிராஃப்டிலிருந்தே எடுக்கிறேன். அந்த வருடத்து வீரர்களில் யார் நின்றார், யார் காணாமல் போனார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. பரீட்சைக்குப் படிப்பவர்கள் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

விதிகள், சுருக்கமாக

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மறந்துவிட வேண்டும். இங்கே ஏலம் கிடையாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்த அணி சுற்றின் கடைசியில் எடுக்கும். 1936-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஏற்பாடு இது. ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல்லின் யோசனை. அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, ஏமாற்றமும் டிராஃப்டோடு கூடவே பிறந்ததுதான்.

பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆனவர்கள்தான் டிராஃப்டுக்கு வர முடியும். சம்பளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதை வைத்தே தொகை பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. புதிய வீரரின் ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் சுற்று வீரர்களுக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அணிகள் தங்கள் முறையை, அதாவது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருட முறையைக்கூட. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு வருடத்தில் 250-க்கும் மேற்பட்டவர்கள் எடுக்கப்படுகிறார்கள். முதல் வருடமே எல்லோரையும் பார்க்கப் புறப்பட்டால் நவம்பரிலேயே கைவிட்டுவிடுவீர்கள். வீரர்களைப் பார்த்து எடைபோடுவதை வேலையாகச் செய்கிற ஸ்கவுட்டுகளே அப்படிச் செய்வதில்லை. ஒருவருக்கு ஒரு வட்டாரம், அந்த வட்டாரத்துக் கல்லூரிகள் மட்டும். அவர் எழுதியதை மேலே ஒருவர் இன்னொரு முறை போய்ப் பார்த்துச் சரிபார்ப்பார். நீங்கள் வட்டாரத்துக்குப் பதில் ஆட்டத்தில் ஒரு இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பந்தை வீசும் குவார்ட்டர்பேக், அதைப் பிடிக்கும் ரிசீவர், வீசுபவரை எதிரணியிடமிருந்து காக்கும் டேக்கிள், ஏதாவது ஒன்று. இருபது பேர் போதும். ஒரு இடத்தில் இருபது பேரைப் பார்த்தவருக்கு இருபத்தோராவது ஆளைப் பார்க்கும்போது கண் தானாகவே ஒப்பிடும்.

எந்த இடம் என்று கேட்டால், புதிதாக வருபவர்களுக்கு நான் டேக்கிளைத்தான் சொல்வேன். கேட்டதும் முகம் சுளிப்பார்கள். பந்தைத் தொடாத ஆள், தொப்பை வேறு. ஆனால் நமக்குக் கிடைப்பது டிவி ஒளிபரப்பின் வீடியோதான். அதில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். மூலையில் நின்று ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் பாதி நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். மேலேயிருந்து 22 பேரையும் காட்டும் கோணம் பயிற்சியாளர்களிடம் இருக்கிறது, கல்லூரி ஆட்டங்களுக்கு நம் கைக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. டேக்கிளோ குவார்ட்டர்பேக்கோ எப்போதும் படத்தின் நடுவில் இருப்பார்கள்.

வீடியோ பார்ப்பது

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். பொறுமையாகச் சொல்கிறேன்.

‘ஹைலைட்ஸ்’ என்று தலைப்பிட்ட எதையும் பார்க்காதீர்கள். கல்யாண ஆல்பம் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுகிற வேலை அது. முழு ஆட்டம் வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது மூன்று ஆட்டம்: பலமான எதிரணியோடு ஒன்று, சுமாரான அணியோடு ஒன்று, அவர் மோசமாக ஆடினார் என்று செய்தி வந்த ஆட்டம் ஒன்று. மூன்றாவதுதான் அதிகம் சொல்லும்.

சரி, டேக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு பாஸ் ஆட்டத்தை, அதாவது பந்தை வீசும் ஒரு நகர்வை, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து நகர்ந்த நொடியில் அவர் முதல் இரண்டு எட்டு பின்னால் வைப்பார். அந்த எட்டு அளவாக இருக்கிறதா, இல்லை பதறி ஓடுகிறாரா? குவார்ட்டர்பேக்கை வீழ்த்த ஓரத்திலிருந்து பாய்ந்து வருகிற எட்ஜ் ரஷர் வெளிப்பக்கமாக வளைந்து வருவார். டேக்கிள் அங்கே போய்ச் சேர்ந்ததும் சட்டென்று உள்பக்கம் வெட்டுவார். அந்த வெட்டுக்கு டேக்கிளின் உள்பக்கக் கால் தரையில் இருந்தால் பிழைத்தார், காற்றில் இருந்தால் போச்சு. அப்புறம் கை. இரண்டு கையும் எதிராளியின் நெஞ்சுக்குள் முதலில் போய் உட்கார்கிறதா? முழங்காலை மடக்கி நிற்கிறாரா, இடுப்பை வளைத்து முன்னால் விழுகிறாரா? இடுப்பை வளைப்பவர் கல்லூரியில் பலத்தை வைத்துச் சமாளித்துவிடுவார், மேலே போனால் மூக்கு உடைபடும். இத்தனையும் இரண்டரை நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். அதனால்தான் ஒரே ஆட்டத்தை நாலு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

குவார்ட்டர்பேக்காக இருந்தால் பந்தைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். முதலில் பார்த்த ஆள் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்த ஆளைத் தேடுகிறாரா, உடனே ஓடத் தொடங்குகிறாரா? பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் ரிசீவர் ஓட்டத்தை நிறுத்தாமல் பிடிக்கிறாரா, குனிந்து திரும்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? ‘பிடித்தார்’ என்று கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். பார்ப்பவருக்குத் தெரியும் வித்தியாசம்.

இன்னொன்று. கல்லூரி மைதானம் என்எஃப்எல் மைதானம் மாதிரியே இருந்தாலும் ஆட்டம் அப்படி இல்லை. நடுவில் பந்தை வைக்கும் இரண்டு வரிசைக் குறிகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் அகலமான வெற்றிடம் கிடைக்கும், வேகமாக ஓடுபவர்கள் அதில் விளையாடித் தள்ளுவார்கள். கோட்டோரம் பந்தைப் பிடித்தால் கல்லூரியில் ஒரு கால் உள்ளே இருந்தால் போதும், மேலே இரண்டு காலும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து வெற்றிடத்திலேயே ஒருவர் வாழ்க்கை நடத்தியிருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எதிராக?

2017-ல் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து இரண்டு ரிசீவர்கள் வந்தார்கள். சியாட்டிலில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் ராஸ். மாநிலத்தின் கிழக்கே, சிவப்பு நிறத் தரையில் ஆடும் ஈஸ்டர்ன் வாஷிங்டனிலிருந்து கூப்பர் கப். இரண்டாவது அணி ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடுகிறது.

அந்த மார்ச்சில் இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் ராஸ் 40 யார்டை 4.22 நொடியில் ஓடினார். அது புதிய சாதனை. தங்கள் காலணியை அணிந்து சாதனை படைப்பவருக்கு ஒரு தீவையே தருவதாக அடிடாஸ் அறிவித்திருந்தது. ராஸ் காலில் இருந்ததோ நைக்கி, தீவு போனது. கப் அதே இடத்தில் 4.62 ஓடினார். ரிசீவருக்கு அது மெதுவான ஓட்டம். சின்சினாட்டி பெங்கால்ஸ் ராஸை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கப்பை மூன்றாவது சுற்றில், 69-வது ஆளாக எடுத்தது.

ராஸ் முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. கப் 2021 சீசனில் 145 பந்து பிடித்து 1,947 யார்டு எடுத்தார். அந்த சீசனின் சூப்பர் பௌலில் ஜெயிக்கும் டச் டவுனை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) பிடித்து ஆட்ட நாயகனும் ஆனார். தோற்ற அணி எது தெரியுமா? சின்சினாட்டி.

என் பட்டியலில் அந்த வருடம் ராஸ்தான் முதல் ரிசீவர். கப்பின் பெயரே இல்லை. ‘சின்னக் கல்லூரி, சின்னப் பையன்களை ஏமாற்றிப் பிடித்த பந்து’ என்று ஒதுக்கிவிட்டேன்.

அப்படி ஒதுக்குவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு கணக்கு. ஈஸ்டர்ன் வாஷிங்டன் வருடத்துக்கு ஒருமுறை பெரிய அணியோடு ஆடும். 2013-ல் ஆரிகன் ஸ்டேட், 2014-ல் வாஷிங்டன், 2015-ல் ஆரிகன், 2016-ல் வாஷிங்டன் ஸ்டேட். இந்த நாலு ஆட்டத்தில் மட்டும் கப் பிடித்தது 40 பந்து, 716 யார்டு, 11 டச் டவுன். எதிரே நின்றவர்களில் என்எஃப்எல்லுக்குப் போனவர்களும் உண்டு. ஒரு ஆட்டம் என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். நாலு வருடம், நாலு எதிரணி. பதில் டிராஃப்டுக்கு முன்னாலேயே கண்ணெதிரில் இருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சின்னக் கல்லூரி வீரர் என்றால், அவர் பெரிய அணியோடு ஆடிய ஆட்டத்தை முதலில் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்க வாக்கில் அலபாமாவின் மொபைல் நகரில் நடக்கும் சீனியர் பௌல் இருக்கிறது, கல்லூரி முடிக்கும் வீரர்களுக்கான ஆட்டம். ஆட்டத்தை விட அதற்கு முந்தைய பயிற்சி நாட்கள் முக்கியம். ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் நிற்கும் பயிற்சியில் பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி என்ற பெயர்ப்பலகை எல்லாம் கழன்றுவிடும்.

புள்ளிவிவரம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். அயோவாவில் ஆடிய ஜார்ஜ் கிட்டில் கல்லூரி வாழ்க்கை முழுவதும் சேர்த்துப் பிடித்தது 48 பந்து. அந்த அணி பந்தை வீசுவதைவிட ஓடுவதையே விரும்பும் அணி. ஐந்தாவது சுற்றில், 146-வது ஆளாக சான் பிரான்சிஸ்கோ எடுத்த அவர் லீக்கின் சிறந்த டைட் எண்டுகளில் (எதிராளியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது இரண்டையும் செய்பவர்) ஒருவரானார். 48 என்ற எண்ணைப் பார்த்ததும் “பிடிக்கத் தெரியாதா, கொடுக்கவே இல்லையா?” என்று கேட்டிருக்க வேண்டும்.

கம்பைனை எப்படிப் படிப்பது?

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இண்டியானாபொலிஸுக்கு அழைக்கப்படுவார்கள். 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பது, கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுவது. டிவியில் இவைதான் வரும். அணிகள் உண்மையில் அங்கே போவது மருத்துவப் பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும். அது நமக்குக் காட்டப்படாது.

இந்த எண்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். வீடியோவில் பார்த்ததோடு எண் ஒத்துப்போனால் மேலே போங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் மறுபடி வீடியோவுக்குப் போங்கள். மெதுவானவர் என்று நினைத்தவர் வேகமாக ஓடியிருந்தால், ஆட்டத்தில் ஏன் அந்த வேகம் தெரியவில்லை? என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓடியிருக்கலாம். காயத்தோடு ஆடியிருக்கலாம். டாம் பிரேடி 2000-ல் 5.28 ஓடினார். 199-வது ஆளாகப் போனார், ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதை வைத்து மெதுவாக ஓடும் குவார்ட்டர்பேக்கை எல்லாம் தூக்கி வைக்கக் கூடாது. கார்னர்பேக்குக்கு அதே ஓட்டம் வாழ்வா சாவா. இடத்துக்கு இடம் எந்த எண் முக்கியம் என்பது மாறும்.

காயம்

நமக்கு மருத்துவ அறிக்கை கிடைக்காது. கிடைப்பது, எந்த சீசனில் எத்தனை ஆட்டம் ஆடவில்லை என்ற கணக்கு. அதை எல்லோருக்கும் எழுதி வையுங்கள். ராஸ் முழங்கால் காயத்தால் 2015 சீசன் முழுவதும் ஆடவில்லை. அதையும் நான் எழுதவில்லை. அதே சியாட்டில் கல்லூரியின் கார்னர்பேக் சிட்னி ஜோன்ஸ் முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டவர். 2017 மார்ச்சில், கல்லூரி வளாகத்தில் ஸ்கவுட்டுகள் முன்னிலையில் ஓடிக்காட்டும் நாளன்று, குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. ஈகிள்ஸ் 43-வது ஆளாக எடுத்தது. எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவே இல்லை. ஒரு வீரரின் விலை ஒரே மதியத்தில் பாதியாவது இப்படித்தான்.

குணம் பற்றியும் இதே கதைதான். வதந்தி நிறைய வரும், அதுவும் டிராஃப்ட் வாரத்தில். தங்கள் முறை வரும்வரை ஒருவர் மிச்சமிருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் வதந்தி பரப்பலாம் என்பதை நினைவில் வையுங்கள். பெயரோடு, ஆதாரத்தோடு வெளிவந்ததை மட்டும் எழுதிக்கொள்வேன். மற்றதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மதிப்பெண் போடுவது

1960களில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி கணினியை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்க முனைந்தது. அதற்குக் கூப்பிட்ட புள்ளியியலாளர் சலாம் குரேஷி, இந்தியாவில் பிறந்தவர். அமெரிக்கக் கால்பந்து அவருக்குத் தெரியாது. அவருக்கு முன் இருந்த சிக்கல் கணினி அல்ல, வார்த்தை. ஒரு ஸ்கவுட் ‘நல்ல வேகம்’ என்று எழுதுவதும் இன்னொருவர் ‘நல்ல வேகம்’ என்று எழுதுவதும் ஒன்றா? கடைசியில் குணம், உடல் சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, மனக்கூர்மை, பலம் என்கிற ஐந்து தலைப்புகளில் அளந்தார்கள். ஆட்டமே தெரியாத ஒருவர் வந்துதான் ‘நீங்கள் சொல்வதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்க வேண்டியிருந்தது. புதிதாக வரும் உங்களுக்கும் அந்த வசதி இருக்கிறது.

உங்கள் தாளிலும் நாலைந்து தலைப்புக்கு மேல் வேண்டாம். டேக்கிள் என்றால் கால், கை, பலம், தப்பு செய்த பிறகு மீள்வது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள். கீழே இரண்டு வரி: எதனால் இவர் ஜெயிப்பார், எதனால் தோற்பார். இரண்டாவது வரியை எழுத முடியவில்லையென்றால் அந்த வீரர்மேல் நீங்கள் காதல் வசப்பட்டுவிட்டீர்கள், இன்னொரு ஆட்டம் பாருங்கள்.

பிறகு வரிசைப்படுத்துங்கள். ஆனால் 1, 2, 3 என்று அல்ல, படிக்கட்டாக. முதல் படியில் மூன்று பேர், அடுத்த படியில் ஆறு பேர், இப்படி. ஒரே படியில் இருப்பவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் இதன் பொருள். டிராஃப்ட் நாளில் இந்தப் படிதான் கைகொடுக்கும்: மேல் படியில் இன்னும் நாலு பேர் மிச்சம் என்றால் அவசரப்பட வேண்டாம், ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுக்க வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்தச் சுற்று?

எல்லா இடத்துக்கும் ஒரே விலை இல்லை. குவார்ட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர், கார்னர்பேக், ரிசீவர் ஆகியோர் முதல் சுற்றில் அதிகம் போவார்கள். வெளியே வாங்கினால் இவர்கள் விலை எக்கச்சக்கம். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் கதை வேறு. 2017-ல் லெனர்ட் ஃபோர்னெட் நான்காவது ஆள். அதே வருடம் மூன்றாவது சுற்றில் 67-வதாகப் போன ஆல்வின் கமாராவுக்குத்தான் தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் விருது. 86-வதாகப் போன கரீம் ஹண்ட், வந்த சீசனிலேயே லீக்கில் அதிக யார்டு ஓடியவர். மூன்றாவது சுற்றில் கிடைக்கும் சரக்குக்கு முதல் சுற்றை ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். நானும் அந்தக் கட்சி.

உதைப்பவர்களுக்கோ கடைசிச் சுற்று போதும். டாம்பா பே 2016-ல் ராபர்ட்டோ அகுவாயோ என்ற உதைப்பவரை இரண்டாவது சுற்றில், அதுவும் முன்னேறிப் போய் எடுத்தது. இரண்டாவது சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது.

முறை மாற்றுவது

1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணி ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பு போட்டு அட்டவணை தயாரித்தது. முதல் ஆளுக்கு 3,000, பதினாறாவதுக்கு 1,000, முப்பத்திரண்டாவதுக்கு 590. இப்போது புதிய அட்டவணைகள் வந்துவிட்டன, ஆனாலும் பழக இதுவே போதும்.

2017-லேயே ஒரு கணக்கு. கேன்சஸ் சிட்டி 27-வது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு முன்னேறியது. பத்தாவதின் மதிப்பு 1,300. கொடுத்தது: 27-வது, மதிப்பு 680, 91-வது, மதிப்பு 136, இரண்டும் சேர்த்து 816. குறைவது 484. அதை ஈடுகட்ட 2018-ன் முதல் சுற்று முறையையும் பஃபலோவுக்குக் கொடுத்தது. வருங்கால முறையை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது வழக்கம். இரண்டாவது சுற்றில் 42-வது இடத்தின் மதிப்பு 480. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. வந்த ஆள் பேட்ரிக் மஹோம்ஸ். ராஸுக்கு அடுத்த பெயர் அதுதான்.

அதைப் பார்த்து எல்லோரும் முன்னேறலாமா? அதே டிராஃப்டில் சிகாகோ மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக மூன்று கூடுதல் முறைகளைக் கொடுத்தது. எடுத்தது மிட்செல் ட்ருபிஸ்கியை. கல்லூரியில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 13 ஆட்டம்தான். மஹோம்ஸோ ஒரே ஆட்டத்தில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 யார்டு வீசியவர், அந்த ஆட்டத்தில் அவர் அணி தோற்றது வேறு விஷயம். பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் பல வருட டிராஃப்டுகளை ஆராய்ந்தார்கள். ரிசீவர் மாதிரி ஒரு ஆட்ட இடத்துக்கு எடுக்கப்பட்டவரையும் அதே ஆட்ட இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரையும் ஒப்பிட்டால், முதலாமவர் மேலாகத் தேறுவது சுமார் 52 சதவீதம். காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். முன்னேறுவதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். நான் குவார்ட்டர்பேக் தவிர வேறு யாருக்காகவும் முன்னேறுவதில்லை.

அணியின் பொருத்தத்தையும் பாருங்கள். மஹோம்ஸ் போய்ச் சேர்ந்த இடத்தில் அலெக்ஸ் ஸ்மித் இருந்தார். முதல் சீசன் பெரும்பாலும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது. மோசமான அணியில் முதல் வாரமே இறக்கிவிடப்பட்டால் அதே கதை நடந்திருக்குமா என்பது எங்கள் குழுவில் இன்னும் தீராத சண்டை.

அந்த இரவு

டிராஃப்ட் வியாழக்கிழமை முதல் சுற்றோடு தொடங்கும். வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றும், சனிக்கிழமை மிச்சம். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை விடியற்காலை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை முந்தின நாளே மூடிவிடுங்கள். புதன்கிழமைக்குப் பிறகு ஒரு பெயரையும் மாற்றாதீர்கள். கடைசி நாளில் நான் செய்த மாற்றம் ஒன்றுகூட நல்லதாக முடிந்ததில்லை. அத்தனையும் வேறு யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தவை. மற்றவர்கள் போடும் உத்தேசப் பட்டியல்களை அணிகள் படித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. 2025-ல் முதல் சுற்று என்று பலர் எழுதிய ஷெடூர் சாண்டர்ஸ் ஐந்தாவது சுற்றில், 144-வது ஆளாகத்தான் போனார்.

கடிகாரமும் ஓடும். 2003-ல் மினசோட்டா ஏழாவது இடத்தில் இருந்தது. முறை மாற்றப் பேரம் பேசிக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டது. பின்னால் இருந்த இரண்டு அணிகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. ஒன்பதாவதாக மினசோட்டா எடுத்த கெவின் வில்லியம்ஸ் பிற்காலத்தில் தன் இடத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார். பட்டியல் கையில் இருந்ததால் பிழைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஏழாவது சுற்று முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். யாரும் எடுக்காதவர்களை அணிகள் ஃபோனில் பிடிக்கும் நேரம் அதுதான். 2017-ல் 253 பேர் எடுக்கப்பட்ட பிறகும் மிச்சமிருந்தவர் ஆஸ்டின் எக்லர். சார்ஜர்ஸ் கூட்டிக்கொண்டு போனது, 2021-ல் 20 டச் டவுன் போட்டார். உங்கள் பட்டியலில் கோடு கிழிக்கப்படாமல் நிற்கும் பெயர்களை வட்டமிட்டு, அவர்கள் எந்த அணிக்குப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு தாளை மடித்து வைத்துவிடுங்கள். முதல் சீசனை வைத்து மார்க் போட வேண்டாம். எங்கள் குழுவில் மூன்று வருடம் கழித்துத்தான் திறப்போம், பிரியாணிக் கணக்கும் அப்போதுதான் தீரும். 2017 தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ராஸ் பெயரைச் சுற்றி சிவப்பு மையில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன்.